இலங்கையில் உண்டியல்: செட்டியார் தெருவிலிருந்து டொலர் நெருக்கடி வரை

உண்டியல் என்பது பணத்தை எடுத்துச் செல்லாமலே பணம் அனுப்பும் முறை. ஓர் ஊரில் ஒருவர் பணத்தைக் கட்டுகிறார். வேறோர் ஊரில் அவர் சொன்ன ஆளின் கையில் அதே மதிப்புள்ள பணம் சேர்கிறது. இடையில் நோட்டோ நாணயமோ பயணம் செய்வதில்லை. இரண்டு ஊர்களிலும் உள்ள இரண்டு வணிகர்களின் கணக்கேடுகளில் பற்றும் வரவும் எழுதப்படுகின்றன, அவ்வளவே. வட இந்தியாவில் இதற்கு ஹுண்டி என்றும் அரபு நாடுகளில் ஹவாலா என்றும் பெயர். இலங்கையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் உண்டியல் என்றே சொல்கிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் உண்டியல் கொழும்பில் மதிப்புள்ள வங்கித் தொழிலின் ஓர் அங்கமாக இருந்தது. இன்று அதே முறை கள்ளப் பணத்தின் வழி என்று காவல்துறையாலும் மத்திய வங்கியாலும் தேடப்படுகிறது. தொழிலின் அடிப்படை மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த சட்டமும் நாணயத்தின் விலையும் மாறின. வங்கி எட்டாத இடம் எங்கெல்லாம் இருந்ததோ, அரசு சொல்லும் விலைக்கும் சந்தை சொல்லும் விலைக்கும் எப்போதெல்லாம் இடைவெளி விழுந்ததோ, அங்கெல்லாம் அப்போதெல்லாம் உண்டியல் தழைத்தது. இலங்கையின் ஒன்றரை நூற்றாண்டுப் பண வரலாறு இதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

செட்டியார்களின் கடைகள்

19ஆம் நூற்றாண்டில் மலையகக் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தோட்டத்துக்கு வேண்டிய ஆட்கள் தமிழகத்திலிருந்து வந்தார்கள். அவர்கள் உண்ணும் அரிசியும் கடல் கடந்தே வந்தது. அந்த அரிசி, துணி வணிகத்தோடு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இலங்கையில் வேரூன்றினார்கள். கொழும்பில் அவர்கள் கடை வைத்த தெருவுக்குச் செட்டியார் தெரு என்றே பெயர் நிலைத்தது. அங்கே கதிரேசன் கோயில்களைக் கட்டினார்கள். ஆடிவேல் விழாவை நடத்தினார்கள்.

ஐரோப்பிய வங்கிகளும் கொழும்பில் இருந்தன. பாங்க் ஆஃப் மெட்ராஸ் 1864இல் அங்கே கிளை திறந்தது. ஆனால் இந்த வங்கிகள் வெள்ளையர் தோட்டங்களுக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்குமே கடன் கொடுத்தன. உள்ளூர் வணிகர் ஒருவர் எவ்வளவு நம்பத்தக்கவர், அவருடைய காணி எவ்வளவு பெறும் என்று அறிய அவற்றுக்கு வழியில்லை. அந்த இடத்தைச் செட்டியார்கள் நிரப்பினார்கள். வங்கியிடம் தாம் கடன் வாங்கி, அதைக் கூடுதல் வட்டிக்குக் கடைக்காரருக்கும் தென்னந்தோட்டக்காரருக்கும் கங்காணிக்கும் கொடுத்தார்கள். சிறு வணிகருக்கு வங்கியின் பணம் செட்டியார் கடை வழியாகவே வந்தது.

கடையின் அமைப்பு ஒழுங்கானது. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கொழும்புக் கடையை ஏஜெண்டு நடத்துவார். மூன்றாண்டுக்கு ஒரு முறை சம்பளச் சீட்டு எழுதி ஆளை அனுப்புவது வழக்கம். அவருக்குக் கீழே அடுத்தாளும், தொழில் பழகும் பெட்டியடிப் பையனும் இருப்பார்கள். முதலாளி போட்டது முதற்பணம். உறவினரும் பிறரும் வைத்த வைப்பு மேம்பணம். ஐந்தொகை எடுத்துக் கணக்கு ஊருக்குப் போகும். பல கடைகள் கிட்டங்கி எனப்படும் ஒரே கட்டடத்தில் அருகருகே நடக்கும். ஆளுக்கொரு பெட்டியும் மேசையும் போதும்.

இந்த வலையில்தான் உண்டியல் ஓடியது. காரைக்குடி முதலாளி கொழும்புக் கடைக்கு முதல் அனுப்ப வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்த வணிகரோ இராமநாதபுரத்துச் சீமையிலுள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. கொழும்பு வணிகர் செட்டியார் கடையில் ரூபாயைக் கட்டி உண்டியல் பெற்றால், ஊரில் முதலாளி வீட்டில் அந்தப் பணம் கிடைக்கும். கொழும்பில் கட்டிய ரூபாய் கடைக்கு முதலாகிவிடும். இரு தேவைகளும் கணக்கிலேயே ஈடாயின. காட்டியவுடன் பணம் தருவது தரிசன உண்டியல். குறித்த நாள் கழித்துத் தருவது தவணை உண்டியல். பர்மா, மலாயா, சைகோன் வரை செட்டியார் கடைகள் பரவியிருந்ததால், ஓர் ஊரில் எழுதிய உண்டியலுக்கு எந்தத் துறைமுகத்திலும் மதிப்பு இருந்தது.

இதைத் தாங்கி நின்றது நம்பிக்கை. அதற்குப் பின்னால் உறவு, கோயில், திருமண வட்டம் ஆகிய மூன்றும் காவலாக நின்றன. உண்டியலை மறுத்த கடைக்கு வேறெந்தச் செட்டியாரும் கடன் கொடுக்கமாட்டார். நீதிமன்றத் தீர்ப்பைவிட அந்தத் தண்டனை விரைவாக வந்தது.

1920களின் நடுவில் சில கடைகள் நொடித்தபோது வங்கிகள் செட்டியார்களுக்குக் கொடுத்த கடனைச் சுருக்கின. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் தேங்காய், ரப்பர் விலைகள் வீழ்ந்தன. கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியவில்லை. ஈடு வைத்த தென்னந்தோட்டங்கள் செட்டியார் கைக்குப் போயின. அதனால் எழுந்த கசப்பு அரசியலிலும் ஒலித்தது. பம்பாயைச் சேர்ந்த வங்கியாளர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையில் 1934இல் வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. உள்ளூர் மக்களுக்குக் கடன் தரும் வங்கி வேண்டும் என்ற கோரிக்கை 1939இல் இலங்கை வங்கியாக உருவெடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செட்டியார்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் பழக்கிய முறை மட்டும் தீவிலேயே தங்கிவிட்டது.

கட்டுப்பாட்டின் காலம்

போர் தொடங்கிய 1939இலேயே பாதுகாப்பு விதிகளின் கீழ் செலாவணிக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 1950இல் மத்திய வங்கி திறக்கப்பட்டது. 1953இல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அனுமதியின்றி வெளிநாட்டில் இருப்பவருக்குப் பணம் கொடுப்பதும், வெளிநாட்டில் பெறுவதற்கு ஈடாக இங்கே பணம் செலுத்துவதும் குற்றமாயின. உண்டியலின் உயிரே இந்த ஈடுசெய்தல்தான். செட்டியார் தெருவில் வெளிப்படையாக நடந்த தொழில் இவ்வாறு சட்டத்தின் பெயரால் மறைவுக்குள் போனது.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. தேயிலை, ரப்பர், தேங்காய் என்ற மூன்று பொருள்களின் ஏற்றுமதியை நம்பி வாழ்ந்த நாட்டுக்கு அரிசியையும் மாவையும் மருந்தையும் வாங்கச் செலாவணி வேண்டும். 1950களின் பிற்பகுதியிலிருந்து தேயிலை விலை தளர்ந்து கையிருப்பு கரைந்தது. 1960களில் இறக்குமதிக்குத் தடைமேல் தடை வந்தது. 1968இல் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை அறிமுகமானது. அரிசி, மருந்து போன்றவற்றுக்கு ஒரு விலை. மற்றவற்றுக்கு அதைவிட 44 வீதம் கூடுதல் விலை. பிறகு அந்தக் கூடுதல் 65 வீதமாக உயர்ந்தது. ஒரே டொலருக்கு அரசே இரண்டு விலை வைத்தபோது, மூன்றாவது விலை ஒன்று தெருவில் பிறப்பதைத் தடுக்க முடியவில்லை.

அந்தத் தெரு விலைக்கு வாடிக்கையாளர்கள் பலர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து அனுமதிக்கப்பட்ட அளவையே கொண்டுபோகலாம். எஞ்சிய ரூபாயை நகையாகவோ உண்டியலாகவோ மாற்றுவதே அவர்களுக்கு இருந்த வழி. தங்கள் உழைப்பின் பயனைத் தாங்களே எடுத்துச் செல்ல முயன்ற அவர்களையும் சட்டம் குற்றவாளி வரிசையிலேயே வைத்தது.

பாக்கு நீரிணையில் கடத்தலும் பெருகியது. இறக்குமதி தடைபட்டதால் இந்தியச் சேலைக்குக் கொழும்பில் நல்ல விலை. இந்தியாவில் தங்க இறக்குமதி கட்டுண்டிருந்ததால் அங்கே தங்கத்துக்கு நல்ல விலை. வல்வெட்டித்துறை போன்ற வடகரை ஊர்களுக்கும் தமிழகக் கரைக்கும் இடையே படகுகள் ஓடின. சரக்குக்கான பணம் உண்டியலில் தீர்ந்தது. 1966 வரை இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் அரசுக் கணக்கில் சம மதிப்புடையவை. அவ்வாண்டு இந்தியா தன் நாணய மதிப்பைக் குறைத்ததும் அந்தச் சமநிலையும் போனது. வங்கிக்கு வெளியே பதுங்கியிருந்த பணத்தை வெளிக்கொணர 1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவையாக அறிவித்தார். நோட்டு மாறியது, பதுக்கலை உண்டாக்கிய விலை இடைவெளி அப்படியே நின்றது. 1977இல் இரட்டை விலை நீக்கப்பட்டு டொலர் ஏறக்குறைய 16 ரூபாயில் விடப்பட்ட பிறகே அந்த இடைவெளி பெரிதும் சுருங்கியது.

வளைகுடாவும் போரும்

பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட அதே ஆண்டுகளில் வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். காலப்போக்கில் அவர்களில் பெரும்பகுதியினர் வீட்டுப் பணிப்பெண்களாயினர். சவூதியிலோ குவைத்திலோ எசமானர் வீட்டை விட்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கு வங்கிக் கிளை இருந்தும் இல்லாதது போலத்தான். படிவம் நிரப்ப மொழி தெரியாது. கடவுச்சீட்டு எசமானரிடம் இருக்கும். ஊர்க்காரர் ஒருவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, மறுநாளே மட்டக்களப்பிலோ புத்தளத்திலோ உள்ள தாயின் கையில் ரூபாயாகச் சேர்க்க ஆள் வைத்திருந்தால் அவரே அவளுடைய வங்கி. கூலி குறைவு, வேகம் அதிகம், கேள்வி இல்லை. ஏழைகள் உண்டியலைத் தேர்ந்த காரணங்கள் இவை. சட்டத்தை மீறும் எண்ணம் இவற்றில் எதிலும் கிடையாது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்செயல் வெடித்து, அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்ட பின் தமிழர்கள் கூட்டங்கூட்டமாக நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ நகரங்களில் குடியேறியவர்கள் ஊரில் விட்டுவந்த பெற்றோரைத் தாங்க வேண்டியிருந்தது. 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை, பாதைகள் மூடப்பட்டிருந்தன. சில வங்கிக் கிளைகள் இயங்கினாலும் அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு. வெளிநாட்டிலிருந்து பெருந்தொகை வந்தால் படையினரின் விசாரணைக்கு ஆளாகலாம் என்ற அச்சமும் இருந்தது. ரொறன்ரோவில் ஒரு கடையில் டொலர் கட்டினால், யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசலுக்கே ரூபாய் வந்தது. பல குடும்பங்கள் அந்தப் பணத்தில்தான் உயிர்பிழைத்தன.

அதே வழியில் வேறு பணமும் போனது. புலம்பெயர்ந்தோரிடம் விடுதலைப் புலிகள் திரட்டிய நிதியும், ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு ஏற்றும் முகவர்கள் வாங்கிய தொகையும் உண்டியலைப் பயன்படுத்தின. தாயின் மருந்துச் செலவும் ஆயுதத்தின் விலையும் ஒரே கணக்கேட்டில் அடுத்தடுத்த வரிகளாக நிற்க முடிந்தது. உண்டியல் யாரையும் பிரித்துப் பார்க்காத வழி. எளியவருக்கு அது தந்த நன்மையும் நாட்டுக்கு அது விளைவித்த கேடும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

கறுப்புப் பணம் கலக்கும் விதம்

உண்டியலில் அனுப்பிய டொலர் இலங்கைக்குள் வருவதே இல்லை. டுபாயில் தொழிலாளி கட்டிய டொலர் உண்டியல்காரரின் கூட்டாளியிடம் அங்கேயே தங்குகிறது. இங்கே குடும்பத்துக்குக் கொடுக்க அவருக்கு ரூபாய் வேண்டும். அந்த ரூபாயை யார் தருகிறார்கள் என்பதில்தான் விடயம் இருக்கிறது.

முதலில் வருபவர் இறக்குமதியாளர். 1,00,000 டொலர் சரக்கை 60,000 டொலர் என்று சுங்கத்தில் காட்டினால் வரி குறையும். ஆனால் மீதி 40,000 டொலரை வெளிநாட்டு விற்பனையாளருக்கு வங்கி வழியாக அனுப்ப முடியாது. அந்தத் தொகைக்கு ஈடான ரூபாயை உண்டியல்காரரிடம் கொடுக்கிறார். டுபாயில் தங்கியிருக்கும் தொழிலாளிகளின் டொலர் விற்பனையாளருக்குப் போகிறது. அடுத்தவர், வரி கட்டாத வருமானத்தையோ கையூட்டையோ வெளிநாட்டில் சொத்தாக்க நினைப்பவர். மூன்றாமவர் போதைப்பொருள் வணிகர். அவரிடம் சிறு நோட்டுகளாக ரூபாய் குவிகிறது. சரக்குக்கு விலை கொடுக்க வெளிநாட்டு நாணயம் தேவை. அவர் ஒப்படைத்த நோட்டுகள் ஊரூராகப் பிரிந்து பணிப்பெண்களின் குடும்பங்களுக்குப் போகின்றன. அவருக்கு உரிய டொலர் வெளிநாட்டில் சுத்தமான கணக்கில் ஏறுகிறது.

இவ்வாறு நேர்மையாக உழைத்தவரின் சம்பளமும் குற்றத்தின் வருமானமும், ஒருவரை ஒருவர் அறியாமலே கைமாறிக்கொள்கின்றன. கறுப்புப் பணம் வெள்ளையாவதற்கு வேண்டிய வெளிநாட்டு நாணயத்தைத் தருபவள் எந்தத் தவறும் செய்யாத தொழிலாளி. நாட்டுக்கு வரவேண்டிய செலாவணி வெளியிலேயே நின்றுவிடுகிறது. சுங்க வரியும் வருமான வரியும் இழப்பாகின்றன.

கணக்கு ஒருபக்கம் சாய்ந்தால் தங்கம் அதை நேர்செய்கிறது. இந்தியா தங்கத்தின் சுங்க வரியை 2013இல் 10 வீதமாக உயர்த்திய பின், இலங்கை வழியே தமிழகக் கரைக்குத் தங்கக் கடத்தல் பெருகியது. இதைத் தடுக்க இலங்கை 2018 ஏப்ரலில் தங்க இறக்குமதிக்கு 15 வீத வரி விதித்தது. விமானத்தில் சரக்கோடும் தங்கத்தோடும் போய்வருபவர்களைத் தமிழகத்தில் குருவிகள் என்பார்கள். பழைய செட்டியார் தெரு இப்போது நகைக்கடைகளின் தெரு.

சட்டத்தின் வளர்ச்சி

கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க ஜி7 நாடுகள் 1989இல் நிதியியல் நடவடிக்கைச் செயலணியை அமைத்தன. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பின் அதன் பார்வை வங்கிக்கு வெளியேயுள்ள பண வழிகள் மீது கூர்மையானது. பணம் அனுப்பும் தொழில் செய்வோர் உரிமம் பெற வேண்டும், அல்லது பதிவு செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

இலங்கை 2005இல் பயங்கரவாத நிதியளிப்புக்கு எதிரான சட்டத்தையும், 2006இல் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தையும், நிதிக் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தையும் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய கொடுக்கல்வாங்கல்களை ஆராய நிதியியல் உளவறிதல் பிரிவு தொடங்கியது. 1953ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு இடம்விட்டது. பழைய சட்டம் செலாவணி மீறலைக் குற்றவியல் வழக்காக நடத்தியது. புதிய சட்டம் அபராதத்தோடு நிறுத்தியது. அதே ஆண்டு செயலணி இலங்கையைக் குறைபாடுள்ள நாடுகளின் சாம்பல் பட்டியலில் சேர்த்தது. 2019 ஒக்டோபரில் நீக்கியது.

இந்தச் சட்டங்கள் வங்கிகளை எச்சரிக்கையாக்கின. அடையாள ஆவணம், வருமானச் சான்று, அனுப்பும் காரணம் என்று கேள்விகள் கூடின. பெரும் குற்றவாளிகளைப் பிடிக்க அவை தேவை. ஆனால் ஆவணமில்லாத சிறு தொழிலாளிக்கு வங்கி வாசல் இன்னும் உயரமானது.

2021–22 நெருக்கடி

உண்டியலை வளர்ப்பது எது என்பதற்கு மறுக்க முடியாத சான்று 2021இல் கிடைத்தது. கொரோனாவால் சுற்றுலா வருமானம் நின்றுபோனது, வெளிநாட்டுக் கடன் தவணைகள் நெருக்கின, கையிருப்பு கரைந்தது. டொலரின் விலையை ஏறவிடாமல் மத்திய வங்கி 200 முதல் 203 ரூபாய்க்குள் இறுக்கிப் பிடித்தது. உண்டியல் சந்தையில் ஆண்டிறுதியில் அது 240 ரூபாயை ஒட்டி நின்றது. 500 டொலர் அனுப்பும் தொழிலாளிக்கு வங்கியில் ஏறக்குறைய 1,01,500 ரூபாய். உண்டியலில் 1,20,000 ரூபாய். அரிசியும் பால்மாவும் விலையேறிய மாதங்களில் அந்த 18,500 ரூபாயை எந்தக் குடும்பமும் விட்டுக்கொடுக்காது.

அரசு முதலில் தண்டனையையும் சலுகையையும் நாடியது. உண்டியலுக்குப் பயன்படும் வங்கிக் கணக்குகளை முடக்குவதாக எச்சரித்தது. டொலருக்கு ஏற்கெனவே தந்த 2 ரூபாய் ஊக்கத்தொகையோடு 2021 டிசம்பரில் மேலும் 8 ரூபாய் சேர்த்தது. இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்ததால் இரண்டும் பயன்படவில்லை. தொழிலாளர் பணவனுப்பல் 2020இல் 710 கோடி டொலராக இருந்தது. 2021இல் 549 கோடியாகவும், 2022இல் 379 கோடியாகவும் சரிந்தது. அந்த 2022இல்தான் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். ஆட்கள் மிகுதியாகப் போன ஆண்டில் வங்கி வழிப் பணம் மிகக் குறைவாக வந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் கொடுக்க டொலரின்றி நாடு தவித்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

அதற்கு முன்பே, மார்ச் 7 அன்று, மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியிருந்தது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. மக்களுக்கு அது பெரும் அடி, விலைவாசி எகிறியது. ஆனால் வங்கி விலையும் தெரு விலையும் நெருங்கிவந்ததும் பணம் மெல்லத் திரும்பியது. 2023இல் பணவனுப்பல் 597 கோடி டொலர். 2024இல் 657 கோடி டொலர். தொழிலாளிகளின் மனம் இடையில் மாறிவிடவில்லை. எந்த வழியில் குடும்பத்துக்குக் கூடுதலாகப் போய்ச் சேருமோ அந்த வழியை அவர்கள் எப்போதும் போலத் தேர்ந்தார்கள்.

விலை இடைவெளி மூடும்போது உண்டியலைவிட்டு முதலில் விலகுபவர்கள் இவர்களே. சுங்க வரியை ஏமாற்றுபவர், கையூட்டைக் கடல் கடத்துபவர், போதைப்பொருள் வணிகர் ஆகியோருக்கு விலை பொருட்டல்ல. தடயம் இல்லாமையே அவர்களுக்கு வேண்டும். தொழிலாளிகளின் டொலர் குறைந்தால் இந்தக் குற்றவாளிகள் ஒளிந்துகொள்ளும் கூட்டமும் கலைகிறது. சட்டத்துக்கு அவர்களைக் காண்பது எளிதாகிறது. செலாவணிக்கு ஒரே நேர்மையான விலை, பணிப்பெண்ணும் தயங்காமல் ஏறக்கூடிய வங்கிப் படி, கைப்பேசியில் குறைந்த செலவில் பணம் அனுப்பும் வசதி ஆகிய மூன்றும் இருந்தால்தான் பணம் தூயதாக்கலைத் தடுக்கும் சட்டம் தன் வேலையைச் செய்ய முடியும். இவை இல்லாமல் சட்டம் மட்டும் கடுமையான காலங்களில் சிக்கியவர்கள் பெரும்பாலும் எளியவர்களே.